மூன்று திருகாணிகளில் ஒரு புதையல் காட்டி: ஷீக்கா சென்சார் பிளஸ் பெறும் வழி

நிண்டெண்டோ சுவிட்சில் 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' விளையாட்டைப் புதிதாகத் தொடங்கியிருப்பவர்களுக்கும், பிள்ளைகளின் அருகில் அமர்ந்து "அந்தப் பெட்டி எங்கேதான் இருக்கிறது?" என்று தேடித் தேடிக் களைத்துப்போன பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். புதையல் பெட்டிகள் இருக்கும் திசையைக் காட்டும் கருவி ஒன்று அந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் ஷீக்கா சென்சார் பிளஸ். அதற்குத் தனியாக ஒரு சென்கூடச் செலவில்லை. இதை அறியாமல், அது காசு கொடுத்து வாங்க வேண்டிய கூடுதல் பொருள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, ஏறத்தாழ 90 ரிங்கிட்டையும் மூன்று வார மாலைப் பொழுதுகளையும் வீணாக்கினேன். பட்டர்வொர்த்திலிருந்து வார இறுதியில் ஃபெரி ஏறி வரும் என் அக்காள் மகன், "மாமா, மூணு ஸ்குரூதான் வேணும்" என்று சொன்ன பிறகுதான் எனக்கு விவரம் புரிந்தது. அந்த மூன்று திருகாணிகளைக் கொடுப்பதற்கு முன் முடித்திருக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. அவற்றின் வரிசை தவறினால் ஒரே மலையில் இரண்டு முறை ஏற நேரிடும்.

1. கேம் கார்டு, கணக்கு, பயனர் பெயர் ஆகிய மூன்றையும் முதலில் சரிபாருங்கள்

பினாங்கில் இந்த விளையாட்டைப் பழைய கேம் கார்டாக வாங்குபவர்களே அதிகம் என்பதால் இதை முதலில் வைக்கிறேன். 2017 மார்ச் 3ஆம் தேதி வெளிவந்த விளையாட்டு இது. இத்தனை ஆண்டுகளில் ஒரு கார்டு பல நாடுகளைச் சுற்றிவிட்டு உங்கள் கைக்கு வந்திருக்கலாம். கார்டின் முகப்பில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். அதன் இறுதி மூன்று எழுத்துகள் அந்தக் கார்டு எந்த வட்டாரத்துக்கு உரியது என்பதைச் சொல்லும். யுஎஸ்ஏ என்றால் அமெரிக்கா, இயுஆர் என்றால் ஐரோப்பா, ஜேபிஎன் என்றால் ஜப்பான். விளையாடுவதற்கு மட்டும் என்றால் எந்த வட்டாரக் கார்டும் எந்தச் சுவிட்சிலும் ஓடும். ஆனால் பின்னால் கூடுதல் தொகுப்பை இணையக் கடையில் வாங்க நினைத்தால், கார்டின் வட்டாரமும் நீங்கள் வாங்கும் கடையின் வட்டாரமும் ஒன்றாக இருந்தாக வேண்டும். நான் ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் வாங்கிய கார்டு ஒரு வட்டாரம், என் கணக்கு வேறொரு வட்டாரம். வாங்கிய தொகுப்பு பதிவிறங்கியது, ஆனால் விளையாட்டுக்குள் தலைகாட்டவே இல்லை. கார்டைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கியது என் பிழைதான்.

அடுத்தது சேமிப்பு. சாதாரண நிலையில் இந்த விளையாட்டு ஒரு பயனருக்கு ஒரே ஓட்டத்தை மட்டுமே வைத்திருக்கும். தானாகச் சேமிப்பதும் அந்த இடத்திலேயே நடக்கும். உங்கள் பெயரில் வேறொருவர் புதிய ஆட்டம் தொடங்கினால், உங்களுடைய பழைய ஓட்டத்தின் மேல் அது எழுதப்பட்டுவிடும். ஒரு சுவிட்சில் 8 பயனர்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால், வீட்டில் எத்தனை பேர் விளையாடுகிறார்களோ அத்தனை பயனர் பெயர்களை இன்றைக்கே உருவாக்கிவிடுங்கள்.

இன்னொன்று: வழிகாட்டிக் காணொளிகளைத் தேடும்போது, 2023 மே 12ஆம் தேதி வந்த 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' என்ற அடுத்த பாகத்துக்கானவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அதிலும் இந்தக் கருவி கிடைக்கும் ஹட்டேனோ என்ற அதே ஊர், சென்சார் பிளஸ் என்ற அதே பெயர். ஆனால் அங்கே கருவியைத் தருபவர் வேறு, முறையும் வேறு, திருகாணியும் கேட்கமாட்டார்கள். நான் ஒரு மாலை முழுவதும், இந்தப் பாகத்தில் அங்கே இல்லாத ஒரு மனிதரை அந்த ஊரில் தேடிக்கொண்டிருந்தேன்.

2. பீடபூமியை முடித்துவிட்டு இறங்குங்கள்

கதாநாயகன் லிங்க் கண்விழிக்கும் கிரேட் பிளேட்டோ என்னும் பீடபூமியில் நான்கு ஆலயங்கள் உள்ளன. நான்கையும் முடித்த பிறகே, அங்கே இருக்கும் முதியவர் காற்றில் மிதந்து இறங்க உதவும் பாராக்கிளைடரைத் தருவார். அது இல்லாமல் பீடபூமியிலிருந்து உயிரோடு இறங்க முடியாது. அடிப்படைச் சென்சார் இங்கேயே கிடைத்துவிடும், ஆனால் அது ஆலயங்களை மட்டுமே காட்டும். பலர் இதுதான் புதையல் காட்டி என்று எண்ணி, பெட்டிகளின் பக்கத்தில் நின்றுகொண்டு அது ஒலிக்கவில்லையே என்று குழம்புகிறார்கள். புதியவருக்கு இந்தக் கட்டம் நான்கைந்து மணி நேரம் எடுக்கும். அவசரப்பட வேண்டாம்.

பீடபூமியில் ஓர் எச்சரிக்கை. ஈஸ்டர்ன் அபி என்ற கிழக்கு இடிபாடுகளில் கிடக்கும் கார்டியன் இயந்திரங்களில் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. சிவப்புக் கோடு உங்கள் நெஞ்சில் விழுந்தால் உடனே சுவருக்குப் பின்னால் ஒதுங்குங்கள். மூன்று இதயங்களோடு இருப்பவர் அதன் ஒரு வீச்சைத் தாங்கமாட்டார். இவற்றிலிருந்து கிடைக்கும் திருகாணி ஆசையில் அங்கே போகாதீர்கள். அவை இன்னும் எளிதாகக் கிடைக்கும் இடம் வழியில் வருகிறது.

3. காகாரிகோவில் இம்பாவைப் பாருங்கள்

பீடபூமியிலிருந்து கிழக்கே, நடுவில் பிளந்தது போல் நிற்கும் டூவலிங் பீக்ஸ் மலைகளின் ஊடே சென்றால் குதிரை லாயம் ஒன்று வரும். அங்கிருந்து வடக்கே ஏறினால் காகாரிகோ கிராமம். குதிரை பிடித்திருந்தால் லாயத்தில் 20 ரூப்பி (விளையாட்டுக்குள் உள்ள காசு) கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். இல்லாவிட்டாலும் நடந்தே போய்விடலாம். இம்பா பாட்டியிடம் பேச்சை முழுவதும் முடித்தால் ஹட்டேனோவுக்குப் போகச் சொல்வார். அந்தப் பணி உங்கள் பட்டியலில் ஏறாமல் நேராக ஹட்டேனோவுக்குப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

4. போகிற வழியிலேயே திருகாணிகளைச் சேர்த்துவிடுங்கள்

குதிரை லாயத்திலிருந்து ஹட்டேனோவுக்குக் கிழக்கே செல்லும் சாலை, பிளாட்சரி சமவெளியைக் கடந்து ஹட்டேனோ கோட்டைச் சுவரை அடைகிறது. அந்தச் சமவெளி முழுவதும் பாசி படர்ந்த கார்டியன்கள் செத்துக் கிடக்கின்றன. முதன்முதலில் பார்த்தபோது பயந்து ஓட்டமாக ஓடிக் கடந்துவிட்டேன். பின்னர் மூன்று திருகாணிகளுக்காக அதே சாலையில் திரும்பி வந்தேன். நீங்கள் நின்று ஒவ்வொன்றின் அருகிலும் போய்ச் சோதித்துப் பாருங்கள். 'ஏன்ஷியன்ட் ஸ்குரூ' என்னும் பழங்காலத் திருகாணி, சுருள், பற்சக்கரம் போன்றவை கிடைக்கும். மூன்று திருகாணிகள் சேர்வதற்குப் பத்து நிமிடம் போதும். ஆலயங்களுக்குள் வரும் சிறிய கார்டியன்களை வீழ்த்தினாலும் இதே உதிரிப் பாகங்கள் விழும்.

இங்கேதான் பலர் இன்னொரு தவறைச் செய்கிறார்கள். கையில் காசில்லாத தொடக்கக் காலத்தில், லாயத்தில் நிற்கும் வியாபாரியிடம் எல்லாவற்றையும் விற்றுவிடத் தோன்றும். திருகாணிக்கு அற்ப விலைதான் கிடைக்கும். அதை விற்றுவிட்டு மறுபடியும் தேடி அலைவது அடகு வைத்த நகையைக் கூடுதல் வட்டி கட்டி மீட்பது போன்றது. காசு வேண்டுமானால் பாறைகளை உடைத்துக் கிடைக்கும் கற்களை விற்றுக்கொள்ளுங்கள். பழங்கால உதிரிகளில் ஒன்றைக்கூட விற்காதீர்கள்.

5. நீலச் சுடரை மலைமேல் கொண்டுசெல்லுங்கள்

ஹட்டேனோ கிராமத்தின் கோடியில், குன்றின் உச்சியில் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதன் தலைவர் பூரா, பார்ப்பதற்குச் சின்னஞ்சிறு பெண்ணாக இருப்பார். உதவியாளர் சைமின்தான் தலைவர் என்று எண்ணி அவரிடமே பேசிக்கொண்டிருக்க வேண்டாம். கூடத்தின் உலை அணைந்து கிடப்பதாகவும், கிராமத்தில் உள்ள பழைய உலையிலிருந்து நீலச் சுடரைக் கொண்டுவந்து அதை ஏற்ற வேண்டும் என்றும் பூரா சொல்வார்.

கேட்பதற்கு எளிது. நான் நான்கு முறை தோற்றேன். தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பவர் ஒரு சொட்டுச் சிந்தாமல் படியேறுவது போன்ற காரியம் இது. கையில் இருப்பதைக் கீழே வைக்கவும் கூடாது, வேறு வேலைக்குக் கையை நீட்டவும் கூடாது. தீப்பந்தத்தை உறையில் இட்டால் அணைந்துவிடும். பாறையில் ஏறினாலும், பாராக்கிளைடரை விரித்தாலும், நீரில் இறங்கினாலும் அப்படியே. வரைபடத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்து நொடியில் அங்கே போகும் வேகப் பயணத்தைச் செய்தால் சுடர் உங்களோடு வராது. ஆகவே குறுக்குவழி எதுவும் தேடாமல், சாலையைப் பிடித்து ஏறுங்கள். மரக்கிளையில் தீ ஏற்றிக் கொண்டுபோகலாம் என்று நினைத்தால், கிளையே எரிந்து தீர்ந்துவிடும். நல்ல தீப்பந்தத்தையே எடுத்துச் செல்லுங்கள்.

சாலையோரம் இடைவெளி விட்டுவிட்டு விளக்குகள் நிற்கின்றன. ஒன்றையும் விடாமல் ஒவ்வொன்றையும் ஏற்றிக்கொண்டே செல்லுங்கள். சுடர் அணைந்துபோனால், கடைசியாக ஏற்றிய விளக்கிலிருந்து மீண்டும் பற்றவைத்துக்கொள்ளலாம், கிராமத்து உலைக்குத் திரும்ப வேண்டியதில்லை. முதல் மூன்று முறையும் நான் விளக்குகளை வெறும் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். வில் இருந்தால், அம்பின் முனையைச் சுடரில் காட்டி, தூரத்து விளக்கை எய்தும் ஏற்றலாம்.

மழை வந்தால் பந்தம் அணையும். பினாங்கில் பிற்பகல் மழைக்குப் பழகிய நமக்கு வானத்தைப் பார்க்கத் தெரியும், ஆனால் விளையாட்டில் வானத்தைவிடத் திரையின் வலக்கீழ் மூலையைப் பாருங்கள். அடுத்தடுத்த வேளைகளின் வானிலை அங்கே சிறு படங்களாக வரும். விளையாட்டின் ஒரு மணி நேரம் நமக்கு ஒரு நிமிடம், ஒரு முழு நாள் 24 நிமிடம். மழைக் குறி தெரிந்தால் மலையேற வேண்டாம். கிராமத்து விடுதியில் சாதாரணப் படுக்கைக்கு 20 ரூப்பி கொடுத்துப் படுத்து, விடிந்ததும் தொடங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் ஏற்றம் முழுவதும் சில நிமிட வேலைதான்.

உலை எரிந்துவிட்டால் ஆய்வுக்கூடமே வேகப் பயணத்துக்கான இடமாகிவிடும், அதன் பிறகு அந்த மலையை நடந்து ஏற வேண்டிய அவசியம் இல்லை. பூராவின் உதவியால் உங்கள் ஷீக்கா ஸ்லேட் பலகைக்குக் கேமராவும் படத்தொகுப்பும் 'ஹைரூல் காம்பெண்டியம்' என்ற விவர ஏடும் கிடைக்கும்.

6. திருகாணிகளைக் கொடுத்துச் சென்சாரை மேம்படுத்துங்கள்

நான் செய்த வரிசை இது: கேமரா கிடைத்ததும் காகாரிகோவுக்குப் போய் இம்பாவிடம் பேசி அந்தப் பணியை முடித்தேன், பிறகு வேகப் பயணத்தில் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் பூராவிடம் பேசினேன். மேம்பாடுகளுக்கான விலை இதுதான்: சென்சார் பிளஸுக்கு 3 திருகாணி, ரிமோட் பாம் பிளஸ் என்னும் குண்டு ஆற்றலுக்கு 3 பழங்காலத் தண்டு, பொருள்களை அசையாமல் நிறுத்தும் ஸ்டேசிஸ் பிளஸுக்கு 3 பழங்காலக் கோர். திருகாணி எளிதில் கிடைப்பது, கோர் அரிது. மூன்றுக்கும் சேர்த்துப் பொருள் திரட்டிவிட்டு ஒரேயடியாக வருவோம் என்று காத்திருந்தால் சென்சார் பல நாள் தள்ளிப்போகும். முதலில் சென்சாரை முடித்துக்கொள்ளுங்கள், மற்றவை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

7. பெட்டியைப் படமெடுத்துக் குறியாக வையுங்கள்

மேம்படுத்தியதும் கருவி தானாகப் பெட்டிகளைக் காட்டத் தொடங்கிவிடாது. என் அக்காள் மகனும் இங்கே ஒரு நாள் தடுமாறினான். நீங்கள் படமெடுத்து விவர ஏட்டில் பதிவு செய்த பொருளை மட்டுமே அதனால் தேட முடியும். ஆகவே ஒரு புதையல் பெட்டியைக் கண்டால் உடனே திறக்கப் பாயாதீர்கள். கேமராவை நீட்டி, பெட்டியின் பெயர் திரையில் தெரியும் வரை நகர்ந்து நின்று படமெடுங்கள். பெயர் தெரியாமல் எடுத்த படம் அழகாக இருக்கலாம், ஆனால் ஏட்டில் ஏறாது. பிறகு விவர ஏட்டைத் திறந்து, பெட்டியின் பக்கத்தைத் தேர்ந்து, அதையே சென்சாரின் குறியாக அமைத்துவிடுங்கள்.

ஒரு வேளையில் ஒரு குறிதான். பெட்டியை வைத்தால் ஆலயங்களுக்கான ஒலி நின்றுவிடும். மூல விளையாட்டில் 120 ஆலயங்கள் இருக்கின்றன, அவைதாம் உங்கள் இதயங்களையும் தாக்குப்பிடிக்கும் ஆற்றலையும் கூட்டுபவை. புதிய பகுதிக்குள் நுழையும்போது ஆலயத்துக்கும், அங்கேயே தங்கித் துழாவும்போது பெட்டிக்கும் மாற்றிக்கொள்வது என் வழக்கம்.

8. ஒலியைப் படிக்கப் பழகுங்கள்

திரையின் ஓரத்தில் உள்ள சென்சார் குறி, நீங்கள் பொருளின் திசைக்கு நேராகத் திரும்பும்போது வலுவாகத் துடிக்கும். எதுவும் தெரியவில்லை என்றால் பதறுவதற்கு முன் அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். திரைக் காட்சி 'புரோ' நிலையில் இருந்தால் இதயங்களைத் தவிர மற்றவை மறைந்துவிடும், சென்சாரும் சேர்த்துத்தான். அழகான காட்சிக்காக அந்த நிலையை வைத்துவிட்டு, கருவி பழுது என்று நான் இரண்டு நாள் புலம்பியிருக்கிறேன்.

கருவி திசையைச் சொல்லும், உயரத்தைச் சொல்லாது. வலுவாகத் துடிக்கும் இடத்தில் பெட்டியைக் காணோம் என்றால், தலைக்கு மேலுள்ள பாறை விளிம்பையும் காலடியில் உள்ள மண்ணையும் பாருங்கள். உலோகத்தை இழுக்கும் மேக்னெசிஸ் ஆற்றலைப் போட்டுப் பார்த்தால், மண்ணுக்குள் புதைந்திருக்கும் உலோகப் பெட்டிகள் மின்னும். அப்படியே பிடித்து இழுத்து எடுக்கலாம். நீருக்கடியில் இருப்பவற்றையும் அதே வழியில் தூக்கலாம், அல்லது கிரையோனிஸ் பனித்தூணை அடியில் எழுப்பி மேலே கொண்டுவரலாம். எதிரிகளின் முகாமில் பூட்டியிருக்கும் பெட்டி, அங்குள்ள அனைவரையும் வீழ்த்தும் வரை திறக்காது. ஆயுதம் தேய்ந்த நிலையில் அதைத் தேடிப் போக வேண்டாம். ஆலயத்துக்குள் உள்ள பெட்டிகளுக்குச் சென்சார் தேவையில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வரைபடத்தில் அந்த ஆலயத்தின் பெயரோடு ஒரு சிறு பெட்டிக் குறி வந்துவிடும்.

பழகிப் பார்க்க ஓர் எளிய பணி உண்டு. மேம்படுத்திய பிறகு சைமின், அருகிலுள்ள ரெட்சாம் காட்டில் மூன்று சன்ஷ்ரூம் காளான்களைத் தேடிவரச் சொல்வார். அதைச் செய்தால் கைக்குப் பழக்கம் வந்துவிடும்.

உண்மையைச் சொன்னால், பெட்டிகளைவிட எனக்கு அதிகம் உதவிய குறி டுரியான்தான். தெற்கே ஃபாரோன் பகுதியில் ஹார்ட்டி டுரியான் காய்க்கிறது. ஒரே ஒரு பழத்தைச் சமைத்தாலும் இதயங்கள் முழுவதும் நிரம்பி, அதற்கு மேல் கூடுதல் இதயங்களும் கிடைக்கும். பாலிக் பூலாவில் பருவத்தில் தோப்பு தோப்பாக அலைந்து விலை விசாரிக்கும் நமக்கு, விலையே கேட்காமல் மரத்திலிருந்து பறித்துக்கொள்ளும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. ஒரு பழத்தைப் படமெடுத்துக் குறி வைத்துவிட்டால் தோப்பு எந்தப் பக்கம் என்பதைக் கருவியே காட்டிவிடும்.

9. கொரோக் முகமூடி வேண்டுமா என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

சென்சார் பிளஸ், கொரோக் என்னும் மறைந்திருக்கும் சிறு வன ஆவிகளைக் காட்டாது. அவற்றிடமிருந்து கிடைக்கும் விதைகள் மொத்தம் 900. ஆனால் ஆயுதம், வில், கேடயம் ஆகியவற்றை வைக்கும் இடங்களை முழுவதும் பெருக்குவதற்கு 441 போதும். அவை பக்கத்தில் இருந்தால் அசைந்து காட்டிக்கொடுக்கும் கொரோக் முகமூடி, 2017 ஜூன் 30ஆம் தேதி வெளிவந்த 'தி மாஸ்டர் டிரையல்ஸ்' என்ற கூடுதல் தொகுப்பில் இருக்கிறது. இதைத்தான் நான் புதையல் காட்டி என்று எண்ணி முதலில் வாங்கினேன். இதையும் இதற்குப் பின் வந்த இன்னொரு தொகுப்பையும் சேர்த்து விற்கும் விரிவாக்கச் சீட்டின் அமெரிக்க விலை 19.99 டாலர். ரிங்கிட்டில் எவ்வளவு என்பது அன்றைய மாற்று விகிதத்தைப் பொறுத்தது, வங்கி அட்டைக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் முதல் படியில் சொன்ன கார்டின் இறுதி மூன்று எழுத்துகளை மறுபடியும் பாருங்கள். கணக்கின் நாட்டை மாற்ற முடியும், ஆனால் இணையக் கடை இருப்பில் பணம் மீதம் இருந்தால் மாற்ற விடாது. பணத்தை ஏற்றிய பிறகு இதை அறிந்தால் அது வேறொரு தலைவலி. நாட்டை முதலில் மாற்றுங்கள், பணத்தைப் பிறகு ஏற்றுங்கள்.

முகமூடி, ஹைரூல் கோட்டைக்கு வடக்கே உள்ள லாஸ்ட் வுட்ஸ் காட்டில், ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் பெட்டியில் இருக்கிறது. காட்டில் எரியும் பந்தங்களின் தீப்பொறி எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கமே நடக்க வேண்டும். நட்டுவைத்த பந்தங்கள் முடிந்த பிறகு, உங்கள் கையிலுள்ள பந்தத்தின் பொறியைப் பார்த்து நடக்க வேண்டும். ஆகவே ஹட்டேனோவில் பயன்படுத்திய தீப்பந்தத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வழி தவறினால் மூடுபனி உங்களை விழுங்கிக் காட்டின் நுழைவாயிலில் கொண்டுவந்து விட்டுவிடும். உயிர் போகாது, பொருளும் போகாது. மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான்.